ஆறு நூல்கள் போதாது என்றவர்களுக்கு

நம் வாசிப்புக் குழுவில் இந்த வாரம் நடந்ததை உங்களில் பெரும்பாலோர் நேரடியாகவே பார்த்தீர்கள். ஆகவே யார் என்ன சொன்னார் என்று வரி வரியாக எடுத்துப் போடப் போவதில்லை. ஒரு தங்கை தன் ஆண்டு வாசிப்புத் திட்டத்தை இட்டார். அதில் ஆறு நூல்களே இருந்தன. குறைந்தது இருபத்தைந்து வேண்டும் என்ற விதியைக் காட்டி அந்தப் பதிவை நீக்கினார்கள். நீக்கியதோடு விட்டிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். ஆறு புத்தகம் படிக்க ஓர் ஆண்டா, இதற்குப் பெயர் சவாலா, எழுத்துக் கூட்டிப் படிப்பவரா என்றெல்லாம் அடுக்கடுக்காக வந்த கேலியும், அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளும்தான் இன்னும் உறுத்துகின்றன. அவர் ஒரு சொல் பதில் பேசாமல் குழுவை விட்டு வெளியேறினார்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலை முழுதாகப் படித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். நான் படித்தேன். சிலப்பதிகாரம், உரையோடு, வாரத்துக்கு ஒரு காதை. புகார்க் காண்டத்தில் பத்து, மதுரைக் காண்டத்தில் பதின்மூன்று, வஞ்சிக் காண்டத்தில் ஏழு என முப்பது காதைகள். ஜனவரியில் தொடங்கினால் ஜூலை இறுதியில் முடியும். ஆகஸ்டிலிருந்து உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. ஆண்டு முழுவதும் நாளுக்கு ஓர் அத்தியாயமாக டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்'. மூலத்தில் 361 அத்தியாயங்கள் இருப்பதால் அது ஓர் ஆண்டுக்குள் சரியாக அடங்கும், உலகில் பல வாசகர்கள் அதை அப்படித்தான் படிக்கிறார்கள். காலையில் எழுந்ததும் குறுந்தொகைப் பாடல் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டு. 401 பாடல்களை ஓர் ஆண்டுக்குள் முடிக்க ஞாயிறுகளில் இரண்டிரண்டாகப் படிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்தாவது இடத்தில் தன் ஊர் வரலாறு பற்றி நூலகத்தில் கிடைக்கும் ஒரு நூல். ஆறாவதை மகள் தேர்ந்தெடுப்பாள் என்று எழுதி இடம் விட்டிருந்தார்.

இத்தனை ஆண்டுகளில் அந்தக் குழுவில் நான் பார்த்த திட்டங்களில் இதற்கு இணையாக இன்னொன்று இல்லை. மற்றவை பட்டியல்கள், திட்டம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். எந்த நூலை, எந்த வேகத்தில், நாளின் எந்தப் பொழுதில், எதை முடித்துவிட்டு எதைத் தொடங்குவது என்பதெல்லாம் அதில் இருந்தது. எத்தனை என்பது மட்டும் சிறிய எண்ணாக இருந்தது. நீங்கள் அந்த எண்ணை மட்டும் பார்த்தீர்கள்.

சிலப்பதிகாரத்தை ஒரு வார இறுதியில் 'முடித்துவிட்ட' நண்பர் ஒருவரும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டதால் இதைச் சொல்கிறேன். மூன்றாவதாக வரும் அரங்கேற்று காதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதவி ஆடப்போகும் அரங்கை அமைக்கும் முன், அதை அளக்கும் கோலை எப்படிச் செய்வது என்று இளங்கோவடிகள் சொல்கிறார். மலையில் நெடிதாக வளர்ந்த மூங்கிலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி இருப்பதைத் தேர்ந்து வெட்ட வேண்டும். கோலின் அளவு இருபத்துநான்கு விரல். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அதற்கு முன்பே ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை ஆசான், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரும் என்னென்ன கற்றுத் தேர்ந்திருக்க வேண்டும் என்பது வருகிறது. அடியார்க்குநல்லார் உரையோடு இந்த ஒரு காதையில் நுழைபவருக்கு ஒரு வாரம் போதாது, ஒரு மாதம்கூடப் போதாது. அந்தத் தங்கை ஒரு வாரம் ஒதுக்கியதே துணிச்சல்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீங்கள் ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்கிறீர்கள்.

அவர் பட்டியலில் இருந்த 'என் சரித்திரம்' நூலிலேயே உங்களுக்கான பதில் இருக்கிறது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று தாம் கற்றவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த நீண்ட பட்டியல் முதலியாரிடத்தில் எந்த வியப்பையும் உண்டாக்கவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்ற பொருளில்தான் அவர் கேட்கிறார். பிறகு சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு உ.வே.சா.வின் வாழ்க்கையே திசை மாறுகிறது. சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அவர் மனத்தை நிறைத்திருந்தது பெரும்பாலும் அந்த ஒரு நூல்தான். நம் குழுவின் விதிப்படி அவரும் தகுதி நீக்கம் செய்யப்பட வேண்டியவரே.

வேகம் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் நினைவு வரும். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954இல்தான் முடிந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், வாரா வாரம். பெரியம்மாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. இதழ் வந்த அன்று மாலை, எழுத்தறியாத என் பாட்டிக்கும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வேலை. அடுத்த இதழ் வரும்வரை நந்தினி செய்தது சரியா தவறா என்று கிணற்றடியில் பேச்சு நடக்குமாம். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மைதாப் பசை ஒட்டி, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்த அந்தத் தொகுதிகளில் இரண்டு இன்றும் என்னிடம் உள்ளன. மணியத்தின் ஓவியங்களுக்குப் பின்பக்கத்தில் பழைய விளம்பரங்கள். உள்ளட்டையில் பெரியம்மாவின் கையெழுத்தில் பால் கணக்கு. கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கிய பிறகும், வந்தியத்தேவன் எந்த இடத்தில் யாரிடம் என்ன பொய் சொன்னான் என்று அவரால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. மூன்றரை ஆண்டுக்கு ஒரு நாவல் என்ற கணக்கில் படித்த அந்தப் பெண்ணை விடச் சிறந்த வாசகரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

இனி, எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும். எண்ணிக்கை ஊக்கம் தருகிறது, இலக்கு இல்லாவிட்டால் கைப்பேசியைத்தான் நோண்டிக்கொண்டிருப்போம் என்பார்கள். உண்மைதான், பலருக்கு அப்படி உதவியிருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஐம்பது படிப்பவர் ஐம்பது படிக்கட்டும்.

விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே, நிர்வாகிகள் சம்பளம் வாங்காமல் உழைக்கிறார்களே என்பது அடுத்து. உழைக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் திரைப்பிடிப்பு எடுத்துப் போடும் குட்ரீட்ஸ் தளத்தின் ஆண்டுச் சவாலிலேயே ஒரே ஒரு நூல் என்றும் இலக்கு வைத்துக்கொள்ளலாம். வணிக நிறுவனம் ஒன்று நடத்தும் தளத்துக்கு இருக்கும் பெருந்தன்மை, தமிழ் வாசிப்பை வளர்க்கவென்று நாம் தொடங்கிய குழுவுக்கு ஏன் இல்லாமல் போயிற்று? கேலி செய்யலாம் என்று எந்த விதியில் இருக்கிறது? விதியை மீறியவர் அவர் என்றால், பதிவர்களை மதிக்க வேண்டும் என்ற முதல் விதியை மீறிய பத்துப் பன்னிரண்டு பேரின் பின்னூட்டங்கள் ஏன் இன்னும் அங்கேயே நிற்கின்றன?

தடித்த நூல்தான் உயர்ந்தது, மெல்லிய நூல் மட்டம் என்று சொல்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவே இல்லை. குறுந்தொகையை விட மெல்லியதாக என்ன இருக்க முடியும்? பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடி வரையிலான பாடல்கள். உங்கள் கணக்கில் அது ஒரு சின்னப் புத்தகம். டிசம்பர் மாதக் கடைசியில், எண்ணிக்கை குறைகிறதே என்ற பதைப்பில் எடுக்கப்படும் நூல்களில் அதுவும் ஒன்றாக இருந்ததை நானே இந்தக் குழுவில் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் நானூறு பாடல்கள், கூடவே ஐந்து நட்சத்திரம். அதற்குக் கைதட்டல் கிடைத்தது. நாளுக்கு ஒன்றாகப் படிக்கிறேன் என்றவருக்குக் கிடைத்தது சிரிப்பு. இந்த வேறுபாட்டைத்தான் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருந்தால் நேர்மையாக இருக்காது. அந்தத் தங்கை தன் பதிவிலேயே தெளிவாக எழுதியிருந்தார்: வேலை, வீடு, பிள்ளைகள் போக விடியற்காலையில் அரை மணி நேரமும் இரவில் அரை மணி நேரமும்தான் தனக்குக் கிடைக்கும் என்று. கேலி செய்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். உங்களில் சிலருக்குப் படிக்கும் மேசைக்குக் காப்பி வருகிறது. சாப்பிட அழைக்கும் குரல் கேட்டு எழுந்தால் போதும். அந்த மேசையையும் காப்பியையும் நீங்களே படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். யாரோ ஒருவர் தன் நேரத்தைக் கொடுத்துத்தான் உங்கள் ஐம்பது நூல்கள் ஆண்டுதோறும் நிறைகின்றன. அவருக்கு அந்த ஆண்டில் எத்தனை நூல்கள் நிறைந்தன என்று எப்போதாவது கேட்டதுண்டா? ஒரு நாளில் தனக்கென்று மிஞ்சும் ஒரு மணி நேரத்தை இளங்கோவுக்கும் டால்ஸ்டாய்க்கும் குறுந்தொகைப் புலவர்களுக்கும் பங்கிட்டு வைத்த ஒரு பெண்ணைப் பார்த்து, இது சவாலா என்று கேட்க எப்படி மனம் வந்தது?

இவ்வளவு பேசுகிறாயே, நீ எத்தனை படித்தாய் என்று ஒருவர் ஏற்கெனவே உள்பெட்டியில் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. எண்ணைச் சொன்னால்தான் பேச உரிமை என்ற நிலைக்கு நாம் வந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தமே. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியிலிருந்து பை நிறையச் சுமந்து வந்து, கட்டிலில் பரப்பி, அட்டைகளைப் படமெடுத்து இடும் உற்சாகத்தில் நானும் பங்கெடுத்தவள்தான். அந்த உற்சாகம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் மே மாதத்தில் அந்த நூல்களில் ஒன்றைப் பற்றி, ஒரு பாத்திரத்தைப் பற்றி, ஒரு வரியைப் பற்றி யாராவது எழுதினால் அங்கே மூன்று பேர்கூட வருவதில்லை. எத்தனையாவது நூல் என்று எண்ணைப் போட்டால் முந்நூறு பேர் வருகிறார்கள். சென்ற ஆண்டு ஒருவர் ஒரே நாவலை மறுபடி படித்து, முதல் வாசிப்பில் தவறவிட்டவற்றை மிக அழகாக எழுதியிருந்தார். மறுவாசிப்பு கணக்கில் சேராது என்பதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பதில். அதன் பிறகு அவரும் எழுதவில்லை. இப்படி ஒவ்வொருவராக, நிதானமாகப் படிப்பவர்களையெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறோம்.

நான் குழுவிலிருந்து விலகவில்லை. அந்தத் தங்கையிடம் கேட்டு, அவர் இசைவோடு, அதே ஆறு நூல்கள் கொண்ட திட்டத்தை இன்று காலை என் பெயரில் அங்கே இட்டிருக்கிறேன். ஊர் வரலாறு மட்டும் என் ஊருக்கு ஏற்ப மாறியிருக்கிறது, ஆறாவது நூலை என் அக்கா மகன் தேர்ந்தெடுக்கிறான். நிர்வாகிகள் விரும்பினால் நீக்கலாம். நீக்குவதற்கு முன், அரங்கேற்று காதைக்கு எத்தனை நாள் கொடுத்தால் குழு ஏற்றுக்கொள்ளும் என்பதை அங்கேயே எழுதிவிட்டு நீக்குங்கள்.