லா பாம்பாவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்

மெக்சிகோவுக்குப் படிக்கப் போகிறேன், அங்கே என்ன இசை கேட்கலாம் என்று இன்பாக்ஸில் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளேலிஸ்ட் கேட்காதீர்கள், தரமாட்டேன். நீங்கள் போகும் ஊரில் ஜனங்கள் தாங்களே கூடி வாசிக்கிற இடம் எது என்று விசாரியுங்கள். டிக்கெட் இல்லாத இடமாகப் பார்த்து விசாரியுங்கள்.

நான் படித்தது வெராக்ரூஸ் மாநிலத்தின் தலைநகரான ஹலாபாவில். மலைச்சரிவில் இருக்கும் ஊர், சுற்றிலும் காப்பித் தோட்டங்கள், குளிர்காலத்தில் விடாமல் நசநசக்கும் தூறல். மெக்சிகோ என்றதும் நமக்குத் தோன்றும் பெரிய தொப்பி, வெள்ளிப் பித்தான், மரியாச்சி எல்லாம் மேற்கே ஹலிஸ்கோ பக்கத்துச் சரக்கு. வெராக்ரூஸின் தெற்குச் சமவெளிக்கு என்று தனியாக ஒரு இசை இருக்கிறது. சோன் ஹரோச்சோ. ஸ்பெயினிலிருந்து வந்த நரம்புக் கருவிகளும் செய்யுள் வடிவங்களும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும், அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பங்கும் கலந்து உண்டானது.

அதில் ஒரு பாட்டு உங்களுக்கும் தெரியும். லா பாம்பா. 1958இல் ரிச்சி வாலன்ஸ் என்ற 17 வயது கலிஃபோர்னியாப் பையன் அதை ராக் அண்ட் ரோலாகப் பாட, உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்பே, 1946 தேர்தலில், வெராக்ரூஸ்காரரான மிகேல் அலெமான் அதைத் தன் பிரசாரப் பாட்டாக்கி ஜனாதிபதியும் ஆகிவிட்டார். அப்புறம் சினிமா, நாட்டுப்புற பாலே குழுக்கள், வெள்ளை உடை, மின்னல் வேக ஹார்ப், ஆணும் பெண்ணும் ஆடிக்கொண்டே காலால் ரிப்பனில் முடிச்சுப் போடுகிற வித்தை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கைதட்டலாம், அவ்வளவுதான்.

ஃபந்தாங்கோவுக்கு, அதாவது ஜனங்கள் தாங்களே கூடி வாசித்துப் பாடி ஆடுகிற கூட்டத்துக்கு, போனால்தான் வித்தியாசம் தெரியும். ஒருவர் வீட்டு முற்றமோ தெருவோ போதும், நடுவில் தரிமா என்ற மரப்பலகை மேடை, முழங்கால் உயரம்கூட இருக்காது. அதன் மேல் பெண்கள் செருப்புக் குதிகாலால் தாளம் போடுகிறார்கள். அந்த மேடையே மத்தளம். சுற்றி ஹரானாக்காரர்கள். ஹரானா சின்ன கிதார் மாதிரி இருக்கும். ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்வது. மாட்டுக்கொம்பைச் சீவிய நீண்ட பட்டையால் ரெகிந்தோ என்ற இன்னொரு கிதார் வகையை மீட்டுகிறவர்தான் பாட்டைத் தொடங்கி வைப்பார். கழுதையின் தாடை எலும்பும் ஒரு வாத்தியம், அடித்தால் பற்கள் கடகடக்கும்.

அடிப்படைக் கால்வரிசையைச் சொல்லிக்கொடுக்க அவர்கள் வைத்திருக்கும் சொற்கட்டு 'கஃபே கோன் பான்'. காப்பியும் ரொட்டியும் என்று அர்த்தம். ஆறு எண்ணிக்கைக்குள்ளே ஒரு பக்கம் தகிட தகிட என்றும் இன்னொரு பக்கம் தக தக தக என்றும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மிருதங்கச் சொல் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு எண்ணத் தெரிந்துவிடும். எண்ணத் தெரிந்தால் கால் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு கதை.

மேடையில் ஆடுகிற பெண்ணை மாற்றிவிட வேண்டுமானால், காத்திருப்பவர் ஏறித் தோளைத் தொட்டால் போதும். ஒருவர் ஒரு செய்யுளைப் பாடுவார், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் பதில் பாடுவார். பாட்டு நடக்கும்போது கால் சத்தம் அடங்க வேண்டும், பாட்டு நின்றதும் திரும்ப எழ வேண்டும். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை, பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நன்றாக வாசிப்பவர்கள் தரிமாவை ஒட்டி நிற்பார்கள். ஓரளவு தெரிந்தவர்கள் அடுத்த வரிசை. ஒன்றும் தெரியாதவர்கள் கடைசியில், சத்தம் குறைவாக, முன்னால் இருப்பவர்களின் கையைப் பார்த்து வாசிக்கலாம். ஒரே சோன், அதாவது ஒரே பாட்டு, அரை மணிநேரம் ஓடும் என்பதால் மெதுவாகப் பிடித்துக்கொள்ள நேரமும் இருக்கும்.

நான் அடித்துச் சொல்வேன், இந்த இசை செத்துப்போகாமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கடைசி வரிசைதான். சுமாராக வாசிப்பவனுக்கும் அங்கே இடம் உண்டு. நம் கச்சேரிகளில் அந்த ஆளுக்கு நாற்காலி கிடைக்கும், மடியில் தாளம் போட்டுக்கொள்ளலாம், அதுவும் பக்கத்து மாமா முறைக்காமல் இருந்தால்.

இது தானாகத் தொடர்ந்து வந்ததும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கிராமத்து ஃபந்தாங்கோ பல இடங்களில் தேய்ந்துபோயிருந்தது. 1977இல் கில்பெர்தோ குதியெர்ரெஸும் நண்பர்களும் மோனோ பிளாங்கோ என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1893இல் பிறந்த ஆர்காதியோ இதால்கோ என்ற விவசாயியைத் தேடிப்போய்ச் சேர்ந்து வாசித்தார்கள், கிராமம் கிராமமாகப் பட்டறை நடத்தினார்கள். கச்சேரி வைத்ததைவிடத் தரிமாவைத் திரும்பவும் முற்றத்துக்குக் கொண்டுவந்ததுதான் அவர்கள் செய்த பெரிய வேலை என்பேன். அதிகாரம் இந்த வகைப் பாட்டைக் கண்டு முகம் சுளித்ததும் புதிது இல்லை. சுச்சும்பே என்ற பாட்டும் அதன் ஆட்டமும் ஆபாசம் என்று 1766இல் கத்தோலிக்க மத விசாரணை மன்றம் (இன்குவிசிஷன்) தடை போட்டது. இன்று அதே பேரில் ஒரு சோனைப் பாடி ஆடுகிறார்கள்.

இதைச் சொன்னால், 'இப்போது அதுவும் ஹலாபா கல்லூரிப் பசங்களின் ஃபேஷன்தானே' என்று ஒரு நண்பர் மடக்குவார். பாதி உண்மை. ஹரானாவை முதுகில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களில் எத்தனை பேருக்கு நான்கு செய்யுள் மனப்பாடமாகத் தெரியும் என்று எனக்கும் சந்தேகம் உண்டு. செய்யுள் தெரியாமல் ஸ்ட்ரம் மட்டும் அடிப்பவர்கள் பெருகினால் கடைசி வரிசை சந்தைக்கடை ஆகிவிடும். அதற்காக நகரத்துப் பசங்களே வேண்டாம் என்றால் கிராமத்துப் பெரியவர்களிடம் கற்றுக்கொள்ள யார் மிச்சம்? பிரபலமும் கெடுதல் மட்டும் செய்வதில்லை. வெராக்ரூஸில் வளர்ந்த பாடகி நதாலியா லாஃபூர்காதே, 2017 நிலநடுக்கத்தில் சேதமான ஹால்திபான் ஊர் சோன் ஹரோச்சோ ஆவண மையத்தைத் திரும்பக் கட்டுவதற்காகவே 2020இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்.

சரி, போகிறவர்களுக்கு. பிப்ரவரி 2 கந்தெலாரியா திருவிழாவை ஒட்டி, பாபலோஆபான் ஆற்றங்கரையில் இருக்கும் த்லாகோதால்பானில் ஹரானாக்காரர்கள் கூடுவார்கள். சின்ன ஊர், கூட்டம் பெரிது, தங்க இடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மேடை நிகழ்ச்சியைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வெளியே நடங்கள், கால் சத்தம் கேட்கும் பக்கம் போனால் தரிமா இருக்கும். விடியும்வரை நடக்கும். ஹரானா இருந்தால் எடுத்துப் போங்கள், சுருதி சேர்க்கப் பக்கத்தில் யாராவது உதவுவார்கள். இல்லாவிட்டால் இரண்டு செய்யுளாவது மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரிமாவை ஒட்டி மட்டும் நிற்காதீர்கள், அது ரெகிந்தோக்காரர் நிற்க வேண்டிய இடம்.