429 கோடிச் சொச்சத்தின் ஜாதகம்

ஏதாவது ஒரு பெரிய எண்ணைக் கொடுத்தால் போதும், அதன் ஜாதகத்தையே கணித்துக் கையில் கொடுக்கிற கருவிகள் வந்துவிட்டன. நேற்று 4294967297-ஐப் போட்டேன். ஒற்றை எண், பகு எண், குறை எண், இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, பகாக் காரணிகள் 641, 6700417. எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில். எரிச்சல் வந்தது அங்கேதான்.

அந்த 59-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வந்தது அது. இதே எண்ணை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதினால் இரு முனையிலும் 1, நடுவே 31 பூஜ்யம். கூட்டுத்தொகை வெறும் 2. ஆக 59 என்பது எண் போட்டிருக்கும் சட்டை. சட்டையைக் கழற்றினாலும் 641 போகாது.

குறை எண் என்பதும் அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 6701059, எண்ணைவிடக் குறைவு, அவ்வளவுதான். இரண்டே பகா எண்களைப் பெருக்கி வரும் எந்த ஒற்றை எண்ணுக்கும் இதே கதிதான்.

ஜாதகத்தில் வராத கதைதான் கதை. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் இந்த எண். 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டி, 3, 5, 17, 257, 65537 என்று இதே வார்ப்பில் வந்த ஐந்தும் பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் 641-ஐக் காட்டி அதை உடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். 193, 257, 449, 577 கைவிரிக்கும். ஐந்தாவதாக நிற்பது 641!

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 65536-இன் வர்க்கத்தோடு 1-இன் வர்க்கத்தைக் கூட்டினால் இந்த எண் வரும். 62264-இன் வர்க்கத்தோடு 20449-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் இதே எண்தான் (நம்பாதவர்கள் போட்டுப் பார்க்கலாம், நான் தாளில் போட்டேன்). பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால் ஒரே ஒரு வழிதான் உண்டு. இங்கே இரண்டு வழி. அப்படியென்றால் இது பகு எண். ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே சொல்லிவிடலாம்! வகைப்பாடு என்றால் இப்படி ஏதாவது வேலை செய்ய வேண்டாமா?

ஆள்மாறாட்டமும் உண்டு. ஒற்றைப் பகா எண்ணானால், 2-இன் அத்தனையாவது அடுக்கை அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 2 வரும். 2-ஐ வைத்துச் செய்யும் இந்த ஃபெர்மா சோதனையில் நம் எண் பகா எண் மாதிரியே தேறிவிடும். 3-ஐ வைத்துச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதிலிருந்து இரண்டைக் கழித்தால் 4294967295. மேலே சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கல் அது. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்த, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில் ஆகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள். அதையும் கருவியில் போட்டேன். பலகோணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 57 என்றது.