குறும்படத்த யூடியூப்ல போட சென்சார் வேணுமா? இல்லீங்க

ஏனுங்க, நம்ம கோயமுத்தூர் வாட்ஸ்அப் குரூப்புல ஒண்ணு சுத்தீட்டிருக்குது, நடிகருங்க சொந்தமா குறும்படம் எடுத்து சென்சார் பண்ணாம யூடியூப்ல போட்டா ஜெயிலுன்னு. பொய்யிங்க அது. 1952 சினிமாட்டோகிராப் சட்டம் தியேட்டர் மாதிரி பொதுவுல ஓட்டறதுக்குத்தான், அங்கன்னா பத்து நிமிச படத்துக்கும் சர்டிபிகேட் வேணும். ஆன்லைனுக்கு 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள், அதுல முன்கூட்டியே சென்சார்ங்கறதே கெடையாது (அதுக்காக என்னத்த வேணா போடலாம்னு இல்ல, மத்த சட்டமெல்லாம் இருக்குதுங்க).

பொள்ளாச்சிப் பக்கம் சீரியல்ல துண்டு துண்டா வேஷம் கட்டுன பையன் ஒருத்தன், சேத்து வெச்ச காசுல தென்னந்தோப்புல ரெண்டு நாள் ஷூட் பண்ணி எடிட்டும் முடிச்சு, இந்த மெசேஜ பாத்துப்போட்டு ஹார்ட் டிஸ்க்க பீரோவுல வெச்சுப் பூட்டீட்டான். எடுத்துப் போடு தம்பி. தியேட்டர்ல ஓட்டறதுன்னாலோ தேசிய விருதுக்கு அனுப்பறதுன்னாலோ மட்டும் சென்சார் சர்டிபிகேட் வாங்கிக்கோ.