வெள்ளை அணு கூடினால் எதிர்ப்பு சக்தி கூடுமா?

"ரத்தத்தில் வெள்ளை அணு எவ்வளவு அதிகமோ அவ்வளவு எதிர்ப்பு சக்தி" என்று ஒரு கஷாயச் செய்முறையோடு வாட்ஸ்அப்பில் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இயல்பு. அதைத் தாண்டினால் பெரும்பாலும் உடலில் எங்கோ தொற்றோ அழற்சியோ இருக்கிறது; அரிதாக ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை.

அணு ரத்தத்தில் மிதந்தால் மட்டும் போதாது, கிருமி இருக்கும் திசுவுக்குப் போய்ச் சேர வேண்டும். காலில் முள் குத்திய இடத்தில் ரத்தக் குழாயின் உட்சுவர் செலக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டுகிறது. ஓடிவரும் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணு அதில் தொட்டுத் தொட்டு உருண்டு வேகம் குறைகிறது. அப்புறம் தன் இன்டெக்ரின் புரதங்களால் சுவரில் இறுக ஒட்டி, உடலை நெளித்து, சுவர் செல்களின் இடுக்கு வழியாக வெளியேறுகிறது.

இந்த இன்டெக்ரின் பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகள், மிக அரிதாக, உண்டு. அவர்களுக்கு எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆனாலும் தொற்று மாறி மாறி வரும், வெள்ளை அணுக்கள் வந்து சேராததால் புண்ணில் சீழ்கூடப் பிடிக்காது, தொப்புள்கொடி விழவே 3 வாரத்துக்கு மேல் ஆகலாம். அணுக்கள் ஏராளம், குழாயை விட்டு வெளியேறத்தான் வழியில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையும் எண்ணிக்கையை ஏற்றும். சுவரோரம் ஒட்டியிருந்த அணுக்கள் ரத்த ஓட்டத்துக்குத் திரும்புவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே மாத்திரைதான் தொற்று அபாயத்தையும் கூட்டுகிறது.