ஃபுர்னேஸ் எரிமலைக் குழம்பு ஊருக்குள்ளும் வந்திருக்கிறது

இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் உள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலையின் குழம்பு, உச்சியைச் சுற்றிப் பாறைச் சுவர் சூழ்ந்த என்க்ளோ பள்ளத்தைத் தாண்டியதே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். பெரும்பாலான வெடிப்புகள் உள்ளேயே அடங்கிவிடும், அது சரி, ஆனால் ‘இல்லவே இல்லை’ என்பது தவறுங்க. 1977 ஏப்ரலில் வெளிச்சரிவிலேயே நிலம் பிளந்து குழம்பு பித்தோன் சேந்த் ரோஸ் ஊருக்குள் இறங்கி, வீடுகளை விழுங்கி, சாலையைக் கடந்து கடலுக்கே போனது. 1986இல் சேன் பிலீப் ஊர்ப் பக்கம் மறுபடியும்.

நம்பிக்கை வராவிட்டால் அடுத்தமுறை அந்த வழியாகப் போகும்போது நோத்ர் தாம் தே லாவ் மாதா கோயிலில் இறங்கிப் பாருங்கள், வாசல்வரை வந்த குழம்பு கருங்கல்லாக இறுகிச் சுவரை ஒட்டியே கிடக்கும். அப்புறம் வரைபடத்தைத் திறந்தால், அந்தக் கோயில் என்க்ளோ சுவருக்கு வடக்கே, நன்றாக வெளியே இருப்பது தெரியும்.