ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்

எழுதுவதா விடுவதா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள், அதில் இரண்டு பேர் சிரிப்புப் பொம்மையோடு. எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் இணைப்புப் போடவில்லை. லுவார் ஆற்றங்கரையில் ஏழு நாள் சைக்கிள் ஓடிய அந்தத் தம்பி, கடைசி இரண்டு நிமிடத்தில் சொல்வது இதுதான்: லுவார் பாதையை விட்டால் பிரான்சின் நாட்டுப்புறத்தில் சைக்கிள் ஓட ஒன்றுமே இல்லை, நடுப்பகுதிக்குப் போய் லீவை வீணாக்காதீர்கள், மாடுதான் பார்க்கலாம். அதற்குக் கீழே "அண்ணை வருசா வருசம் அங்கதானே போறவர், அங்க அப்பிடி என்ன இருக்கு" என்று என்னையும் இழுத்துவிட்டிருக்கிறீர்கள்.

சரி, சொல்கிறேன்.

லுவார் பாதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நெவேருக்குப் பக்கத்தில் தொடங்கி அத்திலாந்திக் கரை வரை 900 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை, வழி நெடுக அறிவிப்புப் பலகை. மகளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு புளுவாவிலிருந்து தூர் வரை அதில்தான் ஓடினேன். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு இடம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு மற்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று ஏன் சொல்லவேண்டும்? போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னால்கூடப் பரவாயில்லை. அவர் போகவே இல்லை.

பிரான்சில் வீதிகள் மொத்தம் பத்து இலட்சம் கிலோமீட்டருக்கு மேல். அதில் மிகப் பெரிய பங்கு மாவட்ட வீதியும் ஊர்ச்சபை வீதியும்தான். மிஷ்லான் வீதி வரைபடத்தை மேசையில் விரித்துப் பாருங்கள். சிவப்புக் கோட்டில் லொறி ஓடும், அதில் கால் வைக்காதீர்கள். மஞ்சள் கோட்டில் வாகன நெருக்கம் ஊருக்கு ஊர் மாறும். நான் தேடுவது வெள்ளைக் கோடு. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு, ஒரு தேவாலயத்திலிருந்து அடுத்த தேவாலயத்துக்குப் போகிற ஒற்றைத் தார் வீதி, சில இடத்தில் நடுவில் புல் முளைத்திருக்கும். இதற்குப் பெயர்ப்பலகையும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. அதனால்தான் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது.

நான் போவது பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கிற குரூஸ் மாவட்டம். யாழ் மாவட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நிலம், இருக்கிற சனம் கிட்டத்தட்ட 1,15,000. பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் காலை ரயில், சைக்கிளுக்கு முன்கூட்டியே இடம் பதிந்துவிடவேண்டும், லா சூத்தரேனில் இறங்கினால் அங்கிருந்தே வெள்ளை வீதி. பெனேவோன், பூர்கனஃப், ருவாயேர், பிறகு மில்வாஷ் மேட்டுநிலம். போன வருசம் ருவாயேரிலிருந்து ஜான்சியூ வரை என்னைக் கடந்த வாகனங்களை எண்ணினேன். நான்கு. ஒன்று மஞ்சள் தபால் வான், இரண்டு டிராக்டர், ஒன்று பழைய ரெனோ. அந்த ரெனோக்காரர் ஒரு வளைவு முழுக்க என் பின்னாலேயே மெதுவாக வந்து, முன்னால் தெரிகிற இடம் வந்த பிறகுதான் முந்திப் போனார்.

"தனிய விழுந்து கிடந்தா ஆர் பாப்பினம்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் விடவேண்டும் என்பது சட்டம், எல்லோரும் விடுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2018இல் கிராமப்புற வீதிகளின் வேகத்தை 80க்குக் குறைத்தார்கள், பிறகு சில மாவட்டங்கள் பல வீதிகளில் திரும்ப 90 ஆக்கின. ஆனால் என்னை ஒரு வாகனம் தட்டிவிட்டுப் போனது குரூஸில் இல்லை, வேலைக்குப் போகிற வழியில், பாரிஸ் புறநகரில், சைக்கிளுக்கென்று பச்சைப் பெயின்ட் அடித்த பாதையில். இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் காட்டுப் பக்கம் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள், அப்போது நானே போவதில்லை. பெண்கள் தனியாகப் போகலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அதற்கு நான் பதில் சொல்வது சரியில்லை, போய் வந்த பெண்கள் சொல்லட்டும்.

"கடையே இல்லை, பசியில் சாகவேண்டும்" என்கிறவர்களுக்கு: கடை இருக்கிறது, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பூட்டுவார்கள், திங்கட்கிழமை பாண் கடையும் பூட்டியிருக்கும். முதல் நாளே இரண்டு பாண் வாங்கிப் பையில் வைத்தால் முடிந்தது. தண்ணீருக்குச் சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம். ஆம், நம்மவர்கள் இதற்கு முகம் சுளிப்பது எனக்குத் தெரியும், "சுடலைத் தண்ணியோ குடிக்கிறாய்" என்று அம்மாவே கேட்டவர். பிரெஞ்சுக் கிராமங்களில் சேமக்காலை வாசலில் பெரும்பாலும் ஒரு பைப் இருக்கும், குடிக்க உகந்ததில்லை என்று எழுதியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அப்படி ஒரு பைப்பில்தான் ஓகஸ்ட் வெயிலில் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கம்பியில் பச்சை நிறப் பூவாளிகள் வரிசையாகத் தொங்கின. அதில் ஒன்றை எடுக்க வந்த கிழவி, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். பாரிஸ் என்றேன். இல்லை, அதற்கு முன்னால் என்றார். சொன்னேன். புருசனின் கல்லறைப் பூவுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து, மேலங்கிப் பைக்குள்ளிருந்து நான்கு பிளம்ஸ் பழம் எடுத்துக் கையில் வைத்தார். சூடாக இருந்தது, அவருடைய உடம்புச் சூடு. இதை எந்த வீடியோவில் காட்டுவீர்கள்?

அதைவிட எனக்கு நொந்தது இன்னொரு கருத்து. "இருபத்தைஞ்சு வருசமா பிரான்சில இருந்தும் சைக்கிள்தானோ" என்று ஒருவர் எழுதி, அதற்கு நாற்பத்தாறு விருப்பம். இது எனக்குப் புதிதில்லை. போன தையில் ஒரு சாமத்திய வீட்டில், எல்லார் முன்னாலும், சொந்தக்காரர் ஒருவர் இதையே கேட்டார். கார் என்னிடமும் இருக்கிறது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை, மனைவிக்காக. சைக்கிள் என்றால் ஏழையின் வாகனம் என்று நமக்கு யார் சொல்லித் தந்தது? இந்த நாட்டில் 1903இல் தூர் து பிரான்ஸ் சைக்கிள் போட்டி தொடங்க முன்னமே, சாந்த் எத்தியென் நகரத்தில் வெலோசியோ என்று எல்லோரும் அழைத்த போல் து விவி, சைக்கிளில் ஊர் பார்க்கப் போவதைப் பற்றிப் பத்திரிகை நடத்தினார். பெருமைக்காக மிதிக்காதே என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. சரி, வெள்ளைக்காரரை விடுங்கள். நம்முடைய கதையைப் பேசுவோம்.

90க்குப் பிறகு, போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத வருசங்களில் எங்களைச் சுமந்தது என்ன? ஆசுபத்திரிக்குக் கர்ப்பிணிகளைக் கொண்டுபோனது என்ன? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலை நான் சுற்றச் சுற்ற, டைனமோ கரண்டில் அப்பா ரேடியோ செய்தி கேட்பார், நான் களைத்து வேகம் குறைந்தால் செய்தியும் இழுபடும், "சுத்தடா" என்பார். யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் போரால் இடம்பெயர்ந்த 95 ஒக்டோபர் 30 இரவு, எங்கள் ஊர் கொக்குவிலிலிருந்து வெளிக்கிட்டபோது அந்தச் சைக்கிளின் பாரில் அரிசி மூட்டை, கரியரில் அம்மம்மா. ஓட இடமில்லை, சனத்துக்குள் தள்ளிக்கொண்டே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம், மழை. எனக்குப் பதின்மூன்று வயது, நான் பிடித்திருந்தது பின் மட்காட்டை. அந்தத் தகரத்தின் ஈரம் இன்றைக்கும் விரலில் இருக்கிறது. அந்தச் சைக்கிளை நக்கலடிக்க எனக்கு மனசு வராது, உங்களுக்கு எப்படி வருகிறது என்று தெரியவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். ஒன்றுமில்லை என்ற சொல்லுக்கு வருகிறேன்.

பூர்கனஃபில் ஒரு வட்டக் கோபுரம் நிற்கிறது. அண்ணனோடு அரியணைக்காகச் சண்டையிட்டுத் தோற்று அடைக்கலம் கேட்டு ஓடிய ஒட்டோமன் இளவரசன் ஜெம்மை 1480களில் அங்கே காவலில் வைத்திருந்தார்கள். நான் அகதி, எனக்கு அந்தக் கோபுரம் சும்மா ஒரு கோபுரம் இல்லை. அப்புறம் ஜான்சியூ. அந்தச் சின்ன ஊரின் நடுவில் முதலாம் உலகப்போரில் செத்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண், 1922இல் வைத்தது. பிரான்சில் இப்படியான தூண் இல்லாத ஊரைக் காண்பது கடினம், பல ஊர்களில் வீரனும் கொடியும் நிற்கும். இங்கே தகப்பனை இழந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் நிற்கிறான். காலில் மரச் செருப்பு, ஒரு கையில் கழற்றிய தொப்பி, மற்றக் கையை முட்டியாக மடக்கிப் பெயர்ப்பட்டியலின் பக்கம் நீட்டியிருக்கிறான். பெயர்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி: போர் நாசமாய்ப் போக.

வெள்ளை வீதியில் ஏறி வந்து, மூச்சு வாங்க, ஒரு கையில் சைக்கிளைப் பிடித்தபடி அதன் முன்னால் நின்றேன். படமெடுத்துக் கொக்குவிலில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே அழைத்துக் கேட்டார், "ஆரடா அந்தப் பெடியன், என்னத்துக்கு இப்பிடிக் கோவமா நிக்கிறான்?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன்ர தாய் இருக்கிறாவோ" என்று கேட்டார்.

வருகிற ஜூன் இரண்டாம் கிழமை மறுபடி போகிறேன். ஓஸ்தர்லிட்ஸில் காலை ரயில், நான்கு நாள், ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடமாட்டேன். வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். அந்தத் தம்பியும் வரலாம், அவருக்கு விருப்பமென்றால் சைக்கிளுக்கான இடத்தை நானே பதிந்து வைக்கிறேன்.