மூன்றாவது பிள்ளை என்ன பாவம் செய்தது?

லண்டனில் நம் சனம் நாலு பேர் கூடினால், பிறந்தநாள் விழாவாக இருந்தாலும் கோயில் மண்டபமாக இருந்தாலும், இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "நாங்கள் ரெண்டு வேலை செய்து வரி கட்டுகிறோம். அவர்கள் ஏழு, எட்டு என்று பெற்றுவிட்டு கவுன்சில் வீட்டில் (உள்ளூராட்சி குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடு) சொகுசாக இருக்கிறார்கள்." இந்த 'அவர்கள்' யார் என்பது பேசுகிறவரைப் பொறுத்து மாறும். சோமாலியர், வங்காளதேசத்தவர், வேலைக்குப் போகாத வெள்ளையர். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, இப்போது கோபமும் வருகிறது. இப்படியான குடும்பங்களுக்குப் பெனிபிட் (அரசு உதவித்தொகை) விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் போய்வருகிறவள் நான். அந்த வீடுகள் உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். இரண்டு படுக்கையறை ஃபிளாட். தாய், தகப்பன், ஐந்து பிள்ளைகள். மூத்தவனுக்கு ஒன்பது வயது, கடைசிக்கு ஆறு மாதம். பிள்ளைகளின் அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள் போட்டதால் கதவு பாதிக்கு மேல் திறக்காது. துணி காயப்போட இடமில்லாமல் எல்லாம் ஹீட்டரின் மேல். அந்த ஈரத்தில் ஜன்னலோரச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். மூத்தவன் அயர்ன் பண்ணும் பலகையைத் தாழ்த்தி வைத்து அதன் மேல் கொப்பியை விரித்து வீட்டுப்பாடம் எழுதுகிறான்.

இந்த ஏழு பேரும் சட்டப்படி இட நெருக்கடியில் வாழவில்லை என்றால் நம்புவீர்களா? 1985ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் இருக்கும் கணக்கு 1935இலிருந்து அப்படியே வருகிறது. ஒரு வயதாகாத குழந்தை கணக்கிலேயே இல்லை. ஒன்றிலிருந்து பத்து வயதுக்குள் என்றால் அரை ஆள். வரவேற்பறையும் தூங்கும் அறையாகவே எண்ணப்படும். ஆக அந்த வீட்டில் இருப்பது நாலு ஆள். அறைகள் போதிய அகலமாக இருந்தால் மூன்று அறையில் ஐந்து ஆள் வரை இருக்கலாம் என்கிறது சட்டம். அதே குடும்பத்துக்கு நாலு படுக்கையறை தேவை என்று காத்திருப்போர் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று கேட்டால் தொலைபேசியில் பேசும் அலுவலருக்கே தெரியாது. பாவம், அவர் என்ன செய்வார்? கொடுக்க வீடு இருந்தால்தானே.

அந்தப் பெரிய வீடுகள் எங்கே போயின? 1980இல் தாட்சர் அரசு கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் அதைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியது. இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டன. தோட்டத்தோடு இருந்த நல்ல வீடுகள்தான் முதலில் போயின. விற்ற காசு முழுவதையும் புது வீடு கட்டப் பயன்படுத்தக் கவுன்சில்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அப்படி விற்ற வீடுகளில் கணிசமானவை இன்று தனியார் கையில் வாடகைக்கு ஓடுகின்றன. சில இடங்களில் தான் விற்ற வீட்டுக்கே கவுன்சில் வாடகை கட்டுகிறது. நம்மவர்களிலும் அந்தத் திட்டத்தில் வீடு வாங்கியவர்கள் உண்டு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சட்டம் கொடுத்த உரிமை அது. ஆனால் அரசு கொடுத்த தள்ளுபடியில் வீட்டுக்காரர் ஆனவர், அடுத்தவரின் பெனிபிட்டைப் பற்றிக் கதைக்கும்போது அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனிப் பெனிபிட்டுக்கு வருகிறேன். இந்த நாட்டில் பிள்ளைகளுக்கான உதவித்தொகை 1946 ஆகஸ்டில் தொடங்கியது. வாரம் ஐந்து ஷில்லிங். யாருக்கு? இரண்டாவது பிள்ளையிலிருந்து. முதல் பிள்ளைக்குக் கிடையாது! ஒருவர் சம்பளத்தில் ஒரு பிள்ளையை வளர்த்துவிடலாம், அதற்கு மேல் வரும்போதுதான் குடும்பம் தள்ளாடும் என்பது அன்றைய கணக்கு. இதற்காகப் பல வருடம் போராடிய எம்பி எலினோர் ராத்போன், பணம் தாயின் கையில்தான் போக வேண்டும் என்று பாராளுமன்றத்தில் அடம்பிடித்து வென்றார். முதல் கொடுப்பனவைப் பார்க்காமலே அந்த வருட ஜனவரியில் இறந்துவிட்டார்.

2017 ஏப்ரலில் இந்த நியாயத்தை அப்படியே தலைகீழாக்கினார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் யுனிவர்சல் கிரெடிட்டில் முதல் இரண்டு பிள்ளைக்குப் பணம் இருந்தது. அதன் பின் பிறந்த மூன்றாவதுக்கும் மேலுக்கும் இல்லாமல் போனது. மூன்றாவது பிள்ளை வன்புணர்வால் உருவானது என்று தாய் தெரிவித்தால் விதிவிலக்கு இருந்தது. ஒரு பெண் தன் பிள்ளையின் சாப்பாட்டுக் காசுக்காக அதை அரசுப் படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

இந்தச் சட்டத்துக்கு முன்னால் நடந்த பேச்சையும் மறக்கக் கூடாது. 2012இல் டார்பி நகரில், பெனிபிட் பெற்று வந்த ஒரு பெரிய குடும்பத்தில், பெற்றோரே வைத்த தீயில் ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். மறுவருடம் தீர்ப்பு வந்தபோது அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், இப்படியான வாழ்க்கைமுறைக்கு வரிப்பணம் கொடுக்கலாமா என்று கேள்வி எழுப்பினார். இரண்டு பிள்ளை வரம்பை 2015இல் அறிவித்தவரும் அவரே. செத்த பிள்ளைகளைக் காட்டி, இருக்கிற பிள்ளைகளின் தட்டில் கை வைக்கும் பேச்சு அது.

யாரைத் தாக்கியது அந்த வரம்பு? பத்துப் பிள்ளை பெற்றவர்களை என்று நினைத்தால் தவறு. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் மூன்றே பிள்ளைகள். பாதிக்கும் மேற்பட்டவை வேலைக்குப் போகும் குடும்பங்கள். பணத்தை நிறுத்தினால் பெறுவதை நிறுத்துவார்கள் என்றார்களே, ஆய்வாளர்கள் பார்த்தபோது பிறப்பு குறைந்தது மிகச் சிறிதளவுதான். வறுமைதான் கூடியது.

"பெற்றவர்களுக்குப் பொறுப்பு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் நான்கு பிள்ளையோடு நன்றாக இருந்த வீட்டில் உழைக்கிறவர் திடீரென்று இறந்துபோகிறார், அல்லது கடை மூடிவிடுகிறது. எந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது? தகப்பன் பொறுப்பில்லாதவனாகவே இருக்கட்டும், அதற்கு ஆறு வயதுக்காரி பசியோடு பள்ளிக்கூடம் போக வேண்டுமா?

2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இந்த வரம்பை 2026 ஏப்ரல் முதல் நீக்குவதாக அறிவித்தார். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் மிகப் பெரிய குடும்பங்கள் பலவற்றுக்கு இதனால் ஒரு பவுண் கூடக் கூடப்போவதில்லை, மொத்தப் பெனிபிட்டுக்கான உச்சவரம்பு அப்படியே இருக்கிறதே. 2013இல் வருடத்துக்கு 26,000 பவுணில் தொடங்கியது, 2016இல் லண்டனுக்கு 23,000 ஆகக் குறைந்தது, 2023இல் 25,323 ஆனது. மாதம் 2,110 பவுண். குறிப்பிட்ட அளவு சம்பாதிக்கிறவர்களுக்கும் உடல்நலக் குறைவுக்கான சில கொடுப்பனவு பெறுவோருக்கும் இது பொருந்தாது. மற்றவர்களுக்கு மூன்று பிள்ளை என்றாலும் எட்டு என்றாலும் அதே தொகைதான். லண்டனில் மூன்று அறை வீட்டுக்குத் தனியார் கேட்கும் வாடகை பல இடங்களில் இதையே தாண்டுகிறது. அப்புறம் சாப்பாடு? மின்சாரம்? பெனிபிட்டில் வாழ்கிறார்கள் என்று நாம் சொல்லும் பணத்தில் பெரும்பங்கு நேராக வீட்டுக்காரருக்குப் போகிறது.

கட்ட முடியாமல் வீட்டை இழந்தால் தற்காலிக விடுதி. இங்கிலாந்தில் இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தற்காலிக இடங்களில் இருக்கிறார்கள். குடும்பங்களைப் படுக்கை-காலையுணவு விடுதிகளில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இருந்தும் வைக்கிறார்கள். ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்காமல் இந்த விடுதிகளுக்குக் கொட்டும் வரிப்பணம் நமக்கு உறைக்க வேண்டாமா?

கவுன்சில் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கும் வருவார்கள். கோயில் திருவிழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டு போகிறவர்களும் வருவார்கள். நாலு அறை உள்ள கவுன்சில் வீடு எத்தனை கட்டுவீர்கள், எந்த வருடத்துக்குள், எந்தக் காணியில் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். உச்சவரம்பை நீக்கச் சொல்லி உங்கள் தொகுதி எம்பிக்கு மின்னஞ்சல் போடுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் உள்பெட்டியில் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.